துருவப் பனித்தூசி: கிரீன்லாந்தா, அண்டார்டிகாவா?

துளையிட்டு எடுத்த பனித்தண்டின் தூசியில் பழைய காலநிலையைப் படிக்க எது உதவும்?

வயது: கிரீன்லாந்தின் என்கிரிப் (NGRIP, வட கிரீன்லாந்தில் துளையிட்ட பனித்தண்டு), சுமார் 1,23,000 ஆண்டுகள், அண்டார்டிகாவின் டோம் சி (அங்குள்ள உயர்ந்த பனிமேட்டில் எடுத்த பனித்தண்டு), 8,00,000 ஆண்டுகள்.

தூசியின் பிறப்பிடம்: முன்னதற்கு ஆசியப் பாலைவனங்கள், பின்னதற்குப் பெரும்பாலும் படகோனியா.

நுணுக்கம்: கிரீன்லாந்தில் பனிப்பொழிவு அதிகம், அடுக்குகளை ஆண்டுவாரியாக எண்ணலாம். சில பத்தாண்டுகளுக்குள் வெப்பம் ஏறித் தூசி சரிந்த திடீர்த் திருப்பங்கள்கூட அதில் தெளிவாகத் தெரிகின்றன. எத்தனை அரிய பதிவு! டோம் சியின் அடுக்குகள் மெல்லியவை. ஆனால் வறண்ட பனியுகங்களில் தூசி சுமார் 25 மடங்கு பெருகியதை அதுவே காட்டுகிறது.

திடீர் மாற்றங்களை ஆராய்பவருக்குக் கிரீன்லாந்து. நீண்ட பனியுகச் சுழற்சிக்கு டோம் சி. பனிக்குள் சிக்கிய காற்றின் கரியமில வாயுவையும் சேர்த்து அளப்பவர் அண்டார்டிகாவையே நம்பலாம்: கிரீன்லாந்துத் தூசியின் சுண்ணாம்பு, பனியிலுள்ள அமிலத்துடன் வினைபுரிந்து அதே வாயுவை உண்டாக்கி அந்த அளவைக் கெடுத்துவிடுகிறது.