தடித்த கம்பளி நூலில் ரிப் குல்லா: எந்தப் பின்னல், எந்த நூல், எந்த ஊசி?

கொங்கு நாட்டில் கம்பளிக் குல்லா ஆண்டு முழுவதும் வேண்டிய பொருளன்று. மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன்பே பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டு போகிறவர்களுக்கும், வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை ஆகிய இடங்களில் குடியிருப்பவர்களுக்கும், பனிக்காலத்தில் உதகைக்கு ஏறுகிறவர்களுக்கும் அது தேவைப்படுகிறது. அளவான தேவை என்பதால்தான், பின்னுவது ஒன்றேயானாலும் அது பல ஆண்டுகளுக்குத் தலையில் நிற்க வேண்டும் என்று கருதுகிறேன். எந்த ரிப் (மேடும் பள்ளமுமான கோடுகளாக விழுந்து, இழுத்தால் விரியும் பின்னல்), எந்த நூல், எந்த ஊசி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே பின்னத் தொடங்குவது நல்லது. இவற்றுள் முதல் கேள்விக்குத்தான் பலரும் குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள். குல்லா பொருந்துவதும் பொருந்தாததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

ரிப் துணி திருப்பூரை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. டி-சட்டையின் கழுத்துப் பட்டியாகவும் கைமுனையாகவும் வருவது அதுவே. அங்கே ரிப் இயந்திரத்தில் டயல், சிலிண்டர் என இரண்டு தொகுதி ஊசிகள் இருந்து, ஒன்று முன்முகக் கண்ணியையும் (கண்ணி என்பது பின்னலின் ஒரு நூல் வளையம்) மற்றொன்று பின்முகக் கண்ணியையும் இடுகின்றன. கையில் பின்னும்போது நூலை ஊசிக்குப் பின்னே வைத்து நிட் கண்ணியும், முன்னே கொண்டுவந்து பர்ல் கண்ணியும் போட்டு அதே விளைவைப் பெறுகிறோம். நிட் வரிசைகள் முன்னே எழும்பிவர, பர்ல் வரிசைகள் உள்ளே பதுங்க, துணி சேலைக் கொசுவத்தைப் போலத் தானாகவே ஒடுங்குகிறது. தலையில் மாட்டும்போது அந்த மடிப்புகள் விரிந்து கொடுக்கின்றன. கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. திரும்பும் அந்த ஆற்றலை வைத்தே ரிப் வகைகளை ஒப்பிட வேண்டும்.

ஒரு நிட், ஒரு பர்ல் என மாறிமாறிப் போடும் 1க்கு 1 ரிப் மெல்லிய நூலில் மிக அழகாக அமையும். தடித்த நூலில் அதன் குறைகள் பெரிதாகத் தெரிகின்றன. ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை முன்னும் பின்னும் மாற்ற வேண்டியிருப்பதால் கை விரைவில் சலிக்கிறது. இழுவை ஒரே சீராக நிற்பதில்லை. இரண்டு நிட், இரண்டு பர்ல் எனப் போடும் 2க்கு 2 ரிப்பில் இந்த மாற்றம் பாதியாகக் குறைகிறது, மடிப்புகளும் ஆழமாக விழுகின்றன, துணி நன்றாக ஒடுங்கித் தலையை இறுக்காமல் பற்றுகிறது. இதற்கும் ஒரு குறை உண்டு. நிட் இணையில் இடப்பக்கக் கண்ணி, அதாவது பர்லுக்குச் சற்று முன்னால் இருக்கும் கண்ணி, மற்றதைவிடத் தளர்ந்து பெரிதாகத் தெரியும். அடுத்து வரும் முதல் பர்ல் கண்ணியைப் போட்டவுடன் நூலை ஒரு முறை நன்றாக இழுத்துவிட்டால் அது பெருமளவு சரியாகிவிடும். மூன்றாவதாக, முந்தைய வரிசையின் கண்ணிக்குள் ஊசியை நுழைத்துப் பின்னும் மீனவர் ரிப் இருக்கிறது. இயந்திரப் பின்னலில் ஃபுல் கார்டிகன் என்று சொல்வதும் இதே அமைப்புதான். அது மூன்றிலும் தடிப்பானது, காற்றைத் தேக்கி நல்ல கதகதப்புத் தருவது. ஆயினும் நூலை அதிகம் விழுங்குகிறது. அகலமாக விரிந்தால் எளிதில் பழைய அளவுக்கு மீள்வதில்லை. மப்ளருக்கு அதையே பரிந்துரைப்பேன்; குல்லாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் சில நாள் அணிந்தபின் அது புருவத்துக்கு இறங்கிவிடும்.

உச்சியை மூடும் இடத்தில் 2க்கு 2 ரிப்பின் மேன்மை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நூல் சீட்டில் 5 என்ற எண் உள்ள தடித்த நூலையும் 6 மி.மீ. ஊசியையும் கொண்டு, நடுத்தர அளவுத் தலைக்கு 56 கண்ணிகள் போட்டிருப்பதாகக் கொள்வோம். முதலில் ஒவ்வொரு பர்ல் இணையையும் ஒன்றாகச் சேர்த்தால் 42 கண்ணிகள் எஞ்சும். அடுத்து ஒவ்வொரு நிட் இணையையும் சேர்த்தால் 28. பிறகு சுற்று முழுவதும் இரண்டிரண்டாகச் சேர்க்கச் சேர்க்க 14, அதன்பின் 7. அந்த ஏழு கண்ணிகளுக்குள்ளும் நூலைக் கோத்து இழுத்தால் வரிசைகள் கலையாமல் நடுவில் வந்து கூடும். 1க்கு 1 ரிப்பில் வரிசை கலையாமல் குறைக்க வேண்டுமானால் மூன்று கண்ணிகளை ஒன்றாக்கி நடுக்கண்ணியை மேலே நிறுத்தும் முறையைக் கற்க வேண்டும். புதிதாகப் பின்னுபவருக்கு அது வீண் சுமை.

நூலைப் பொறுத்தவரை, பஞ்சாலைகளும் பனியன் தொழிலும் நிறைந்த நம் பகுதியில் பருத்தி நூல் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்துவிடக் கூடாது. பருத்திக்கு மீளும் தன்மை குறைவு. கழுத்து ரிப்பில் லைக்ரா என்னும் இழுபடும் இழையைச் சேர்ப்பதே அந்தக் குறையை ஈடுகட்டத்தான். கம்பளி இழைக்கு இயற்கையிலேயே நெளிவு உண்டு, அதனால் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். அது தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. அக்ரிலிக் விலை குறைவு, விரைவில் உலரும், பல நிறங்களில் கிடைக்கும். கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவது பல நேரம் முழு அக்ரிலிக்காகவே இருப்பதால் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள்: கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரியாக நிற்கும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

உள்ளூர்க் கம்பளியைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் எழும். கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டின் மயிர் முரடானது. போர்வைக்கு ஏற்றது, நெற்றித் தோலில் குத்தும். மேச்சேரி ஆடோ தோலுக்குப் பேர் போனது. அதற்கு உடலில் குறுமயிர்தான், கம்பளி கிடையாது. மெல்லிய கம்பளி தரும் இனம் நம் அண்டையிலேயே, நீலகிரி ஆடாக இருக்கிறது. அந்தக் கம்பளி கைப்பின்னலுக்கான தடித்த நூலாக நம் கடைகளுக்கு வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இப்போதைக்கு மெரினோ என்னும் மென்மையான ஆட்டுக் கம்பளி, அல்லது பாதிக்கு மேல் கம்பளி கலந்த நூல் என்பதே நடைமுறைக்கு உகந்த தேர்வு. ஒரு குல்லாவுக்கு ஏறத்தாழ 100 கிராம் போதும். காதை மூட ஓரத்தை மடித்துவிட விரும்பினால் கூடுதலாக 30 கிராம் வைத்துக்கொள்வது நல்லது.

ஊசியில், வயரால் இணைந்த 40 செ.மீ. வட்ட ஊசிக்கும் இரண்டு நேர் ஊசிகளுக்கும் இடையே போட்டி. வட்ட ஊசியில் தையல் இல்லை, எப்போதும் நல்ல பக்கமே கண்முன் இருக்கும்; ஆனால் உச்சியில் கண்ணிகள் குறைந்ததும் அதில் சுற்ற முடியாமல் இருமுனை ஊசிகளுக்கு மாற வேண்டும். நேர் ஊசியில் கூடுதலாக இரண்டு கண்ணிகள் சேர்த்து 58 போட்டு, முடிவில் அந்த இரண்டையும் தையலுக்குள் விட்டால் இணைப்பு வெளியே அவ்வளவாகத் தெரியாது. வட்ட ஊசியையே நான் தேர்வு செய்வேன் என்றாலும், வீட்டில் நேர் ஊசி இருந்தால் வட்ட ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த ஊசியானாலும் தொடக்க வரிசையை ஓரளவு பெரிய ஊசியில் தளர்வாகப் போட வேண்டும். அதை இறுக்கிவிட்டால், "நெத்தியில கோடு விழுகுது கண்ணு" என்று அப்பத்தா அன்றைக்கே கழற்றி வைத்துவிடுவார். எவ்வளவு நல்ல நூலும் அதை ஈடுசெய்யாது.

இத்தடிப்புள்ள குல்லாவை ஹெல்மெட்டுக்கு உள்ளே அணியக் கூடாது. ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. வண்டியில் போகிறவர்களுக்கு மெல்லிய துணிக் குல்லாவே பாதுகாப்பு.

யார் துவைக்கப் போகிறார்கள் என்பதையும் நூல் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் வாஷிங் மெஷின் சுழற்சியிலும் சிக்கிக் கெட்டிப்பட்டுச் சுருங்கிவிடும். அதைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்த வேண்டும். மழைக்காலத்து வால்பாறையில் அது உலர நாட்கள் ஆகும். ஆகவே அங்குள்ள பள்ளிப் பிள்ளைக்குப் பின்னுவதாக இருந்தால் கம்பளியை விட்டு அக்ரிலிக்கையே எடுப்பேன், ஆனால் அதே 2க்கு 2 ரிப்பில். அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள் என்றும் சொல்லிக் கொடுப்பேன், ஏனெனில் சூடு பட்ட அக்ரிலிக் ரிப் தட்டையாகி மறுபடி ஒடுங்காது.