பழைய காரில் குழந்தை சீட்: கொக்கி வைத்துத் தருகிறோம் என்று சொன்னால் வாங்காதீர்கள்

வீட்டில் பத்துப் பதினைந்து வருஷத்துப் பழைய கார் இருக்கிறதா? அதில் குழந்தைக்குச் சீட் மாட்டலாம் என்று நினைக்கிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 9,400 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நாங்கள் இருப்பது செங்கோட்டை. மனைவியின் பிறந்த வீடு புனலூர். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஆரியங்காவு மலைப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். கார் 2008இல் மாமனார் வாங்கியது, இப்போது எங்களிடம். மகனுக்கு 16 மாதம், எடை பத்து கிலோ. அதுவரை அவன் பயணம் எல்லாம் அம்மா மடியில்தான். அது தப்பு என்று தெரிந்தேதான் செய்துகொண்டிருந்தோம், அதை மறைக்கவில்லை.

2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர், டிசம்பரிலிருந்து குழந்தை சீட் இல்லாவிட்டால் அபராதம் என்று அறிவித்தார். ஓரிரு நாளிலேயே அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமார், இப்போதைக்கு அபராதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடியவில்லை. “அபராதம் இல்லைன்னா பிள்ளைக்கு அடிபடாதா?” என்று மனைவி கேட்டாள். நாடு முழுக்க உள்ள சட்டமும் அவள் பக்கம்தான். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குள் உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய்.

சரி, வாங்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெரிய கடை, வாசலில் நாலு கார் நின்றது. கடைக்காரர் எங்கள் காரின் பின்சீட் இடுக்கில் கையை விட்டுத் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பழய வண்டியல்லே அண்ணா, இதில் ஐசோஃபிக்ஸ் இல்லா. பேடிக்கண்டா, ஞங்கள் வெச்சுத் தராம்.” பயப்பட வேண்டாம், நாங்களே வைத்துத் தருகிறோம் என்கிறார்.

ஐசோஃபிக்ஸ் என்பது புதுக் கார்களில், பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் இருக்கும் இரண்டு இரும்பு வளையங்கள். இரண்டுக்கும் நடுவே 28 சென்டிமீட்டர் இடைவெளி. கார் கட்டும்போதே வண்டியின் உடம்போடு சேர்த்து வைத்துவிடுவார்கள். அதில் பூட்டிக்கொள்ளும் இரும்புக் கைகள் வைத்த குழந்தை சீட்டை அந்த வளையத்தில் ‘டக்’ என்று சொருகலாம். எங்கள் காரில் அது இல்லை. இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, பெல்ட்டாலேயே மாட்டும் சீட்டுகள் எத்தனையோ உண்டு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

சீட் 6,800, ‘ஐசோஃபிக்ஸ் பிராக்கெட்’ 1,800, மாட்டும் கூலி 800. இருபது வயசுப் பையன் ஒருவன் டிரில்லோடு உள்ளே போனான். நான் வெளியே நின்று எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தேன். சீட் கவரைக் கழற்றாமலே இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டான். சீட் எப்படி மாட்டியிருக்கிறது என்று கேட்டேன். சீட்டின் பின்னாலிருந்து இரண்டு நைலான் பட்டைகள், அவற்றின் முனையில் நாய்ச் சங்கிலியில் இருக்குமே, அந்த மாதிரி கொக்கி. அதைப் பிராக்கெட்டில் மாட்டி இழுத்துக் காட்டினான். அசையவில்லை. சீட்டோடு வந்த புத்தகத்தைக் கேட்டபோது, “புக் வேண்டா, எல்லாம் செட்” என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பில்லுக்குப் பதிலாக ‘எஸ்டிமேட்’ என்று மேலே எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

அன்று சாயங்காலமே திரும்பினோம். ஆரியங்காவு தாண்டி, புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் லோடு லாரி ஒன்று எதிரே ஏறி வந்தது. வளைவில் அதற்கு முழு ரோடும் வேண்டும். நான் பிரேக் போட்டேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சீட் பிள்ளையோடு சேர்ந்து முன்னால் குனிந்து, அவன் முகம் என் சீட் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் பாட்டில் கீழே போய்விட்டதே என்றுதான் அழுதான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், பத்து கிலோ பிள்ளை நூறு கிலோவுக்கு மேல் கனத்தோடு முன்னால் பாய்வான். சீட்டின் எடை தனி. மடியில் வைத்துக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று அதுவரை நம்பியிருந்ததை நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் தென்காசியில் சீட் கவர் தைக்கும் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். அவர் பின்சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிராக்கெட் என்பது கைக்கடிகாரப் பட்டை அகலத்தில் வளைத்த ஒரு தகடு, பளபளவென்று முலாம். அதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகரத்தில், பக்கத்துக்கு இரண்டாக நாலு செல்ஃப் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட் இல்லை, நட் இல்லை. இடது பக்க ஓட்டை இரண்டும் முட்டை மாதிரி நீண்டிருந்தன. ஒரு ஸ்க்ரூ கார்ப்பெட்டில் கிடந்தது. “தம்பி, இது பாத்ரூம்ல டவல் கம்பி மாட்டுத ஸ்க்ரூல்லா” என்றார்.

பாக்கிக் கதை கவரைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு ஜன்னல் பக்கமும் கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட், அதாவது இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்து வரும் பெல்ட், இருந்தது! எந்தக் காலத்திலோ கவர் போட்டவர்கள் பக்கிள்களை உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். தூசியும் ஒரு கடலை மிட்டாய் உறையும் ஒட்டிக்கொண்டு பக்கிள் வெளியே வந்தது. சொருகிப் பார்த்தோம், சத்தமாகப் பூட்டியது. சடாரென்று இழுத்தால் பெல்ட் நின்றது. நூல் எங்கும் பிரியவில்லை. பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றும்தான். கடைக்காரர் சீட்டை மாட்டியது நடு இடத்தில். அங்கே இருந்ததோ இடுப்புக்கு மட்டும் வரும் பெல்ட், அதையும் பையன் தொடவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சீட்டின் மேல் ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் ஆரஞ்சு நிற லேபிள், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிப்படி அங்கீகாரம் பெற்றது என்பதற்கு வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்து, ‘யுனிவர்சல்’, 0 முதல் 18 கிலோ என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்தேன். மூன்று முனை பெல்ட்டால் மட்டுமே மாட்ட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஐசோஃபிக்ஸ் கையே இல்லாத சீட்டுக்குத்தான் எனக்கு ஐசோஃபிக்ஸ் விற்றிருக்கிறார்கள்.

மாட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைத்தான் எந்தக் கடையும் சொல்வதில்லை. சீட்டின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாக அடையாளம் இருக்கும். பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பெல்ட் நீல வழியில் போகும், முன்பக்கம் பார்த்தால் சிவப்பு வழியில். 13 கிலோ வரை பின்பக்கம் பார்க்க வைக்கலாம் என்று புத்தகம் சொல்கிறது, அப்படியே வைத்துவிட்டோம். இந்த வயசில் தலை கனம், கழுத்து பிஞ்சு. மோதும்போது முதுகு முழுவதும் அடியை வாங்கிக்கொள்ளும். “ரோடு பாக்கணும்லா பிள்ளை” என்று அத்தை சொல்கிறார்கள். பின்கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

பின்பக்கம் பார்க்க மாட்டுவதற்குப் பெல்ட் நிறைய வேண்டும். ஒரு துண்டு சீட்டின் மேலே குறுக்காகவும், இன்னொன்று முதுகைச் சுற்றியும் போகும். சில பழைய கார்களில் எட்டவே எட்டாது. வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போய், கடை வாசலிலேயே மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எங்களுக்கு இடது பக்கம் நாலு விரல் மிச்சத்தில் எட்டியது. முன்சீட்டை நன்றாகத் தள்ள வேண்டியிருந்தது. இப்போது மனைவியின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது.

அப்புறம் இறுக்குவது. பழைய கார் பெல்ட் மெதுவாக இழுத்தால் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஒருவர் சீட்டை முழுக் கனத்தோடு அமுக்க, இன்னொருவர் இடுப்புப் பட்டையின் தொய்வை எடுத்துவிட்டு, தோள் பட்டையை இழுத்து உள்ளே விட வேண்டும். சீட்டிலேயே பெல்ட்டைப் பிடிக்கும் கவ்வி இருந்தால் அதையும் பூட்டுங்கள். முடிந்ததும் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கிப் படுத்திருக்கக் கூடாது, அழுத்தத்தில் உடையும். பிள்ளையைக் கட்டும் சீட் பட்டையைத் தோள் பக்கம் விரலால் கிள்ளினால் பட்டைத் துணி சிக்கக் கூடாது. சாரல் சீசனில் ஸ்வெட்டர் போட்டு உட்கார வைத்தால் இறுக்கம் எல்லாம் பொய். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பட்டையைப் பூட்டிய பிறகு மேலே போர்த்துங்கள். முன்சீட்டில் ஏர்பேக் இருக்கும் காரில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது.

பிராக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். “உங்க கார் தகரம் வீக் அண்ணா, அதுக்கு ஞங்கள் எந்து செய்யும்?” என்றார். நான் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். எஸ்டிமேட் சீட்டும் ஜிபே ரசீதும் போதுமானதாக இருந்தது. கடை கேரளத்தில், நாம் தமிழ்நாட்டில், எங்கே போய் வழக்குப் போடுவது என்று மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து போன். பிராக்கெட் காசு 1,800 வந்துவிட்டது. கூலி 800 தர மாட்டாராம், “பையன் பணி எடுத்ததல்லே”, பையன் வேலை செய்தானே என்கிறார். மனுவை எழுதி வைத்திருக்கிறேன், இந்த வாரம் போடுகிறேன். பிராக்கெட்டும் அந்த முட்டை ஓட்டைத் தகரத்தின் படமும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பழைய காருக்கு யாராவது இதே சாமானை விற்கப் பார்த்தால், காட்டுவதற்குக் கேளுங்கள், அனுப்புகிறேன்.