செவிலியருக்கு ஐந்து நட்சத்திரம், அலுவலகத்துக்கு இரண்டு: ஒரு சிறுநீரியல் பிரிவைப் பற்றி

சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் என் தந்தை சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். பாராட்டோடு கண்டனமும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்நோய் இப்போதுதான் கண்டறியப்பட்டவர்களின் வீட்டார் எந்த மருத்துவமனையிலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்ததுதான் முதல் அறிகுறி. ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி, பிறகு சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டியெடுக்கும் டி.யூ.ஆர்.பி.டி. அறுவை என எல்லாம் தாமதமின்றி நடந்தன. மருத்துவரின் கைத்திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பயாப்ஸி முடிவைத் தெரிவித்த விதம் மன்னிக்கத் தக்கதன்று. சனிக்கிழமை மாலை அறிக்கை வாட்ஸ்ஆப்பில் வந்து விழுந்தது; மருத்துவரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் நேரம் கொடுத்திருந்தார்கள். ‘ஹை கிரேடு’ (மூர்க்கமான வகை) என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கும் என்பது ஆய்வகத்தின் கணினிக்குத் தெரியாது. அதை இயக்குபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் குறையை ஈடுகட்டியவர் அங்குள்ள ஆலோசனைச் செவிலியர். பிள்ளைகளான எங்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, தந்தையைத் தமக்கு எதிரே அமர்த்தி, ஒரு வெள்ளைத் தாளில் சிறுநீர்ப்பையின் சுவரை வரைந்து காட்டினார்: உட்படலம், அதனடியில் இணைப்புத் திசு, அதற்கும் வெளியே தசை. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, செல்கள் எவ்வளவு மூர்க்கமானவை, எடுத்த துண்டில் தசையும் இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு அறிக்கையில் விடை தேடச் சொன்னார். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. துண்டில் தசையே இல்லையென்றால், நோய் தசைக்குள் நுழையவில்லை என்று எவராலும் உறுதி கூற முடியாது. தந்தைக்குக் கட்டி இணைப்புத் திசு வரை சென்றிருந்தது. தசை இருந்தது, அதில் நோய் இல்லை. புதிதாகக் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு நோய் தசையை எட்டியிருப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

“அப்போ பையையே எடுத்துடணுமாம்மா?” என்று தந்தை கேட்டார். “இப்போ அந்தப் பேச்சே இல்லைங்கய்யா. இன்னும் சில வாரத்துல மறுபடி ஒரு தடவை உள்ளே பார்த்துச் சுரண்டிடுவாங்க, அப்புறம் மருந்து. எடுக்கவேண்டி வந்தா அன்னைக்கு நானே உங்ககிட்ட சொல்வேன், மறைக்க மாட்டேன்” என்றார் செவிலியர். வெற்று ஆறுதலைவிட இப்படி முறையாகச் சொல்லப்பட்ட உண்மைதான் தந்தையைத் தேற்றியது. தந்தையின் பீடிப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போதும் அவர் குற்றஞ்சாட்டவில்லை. புகையிலையின் நச்சுப் பொருள்களைச் சிறுநீரகங்கள் வடிகட்டி அனுப்ப, அவை சிறுநீரோடு பையிலேயே மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன என்று மட்டும் விளக்கினார். வீட்டில் ஆண்டுக்கணக்காக நாங்கள் போட்ட சண்டை சாதிக்காததை அந்த விளக்கம் சாதித்தது.

அந்த மருந்து பி.சி.ஜி. காசநோய்க்காகக் குழந்தைகளுக்குப் போடப்படும் அதே தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்முறையை 1976இல் கனடாவின் மொராலெஸ் என்ற மருத்துவர் வெளியிட்டார். (1948 முதல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் இருக்கும் ஊரில் பிறந்தும் இதை நான் அறிந்ததில்லை.) வாரம் ஒன்றாக ஆறு வாரம், அதன்பின் இடைவெளிவிட்டுப் பராமரிப்புத் தவணைகள். மெல்லிய கதீட்டர் வழியாக மருந்தைச் செலுத்தியதும் குழாயை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்ட அட்டையாகக் கொடுத்தார்கள். ஒரு முறை கதீட்டரில் இரத்தம் தென்பட்டதும் செவிலியர் மருந்தைக் கொடுக்காமல் எங்களைத் திருப்பியனுப்பினார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆயினும் அது உயிருள்ள கிருமி, காயத்தின் வழியே இரத்தத்தில் கலந்தால் ஆபத்து என்பதால் அவர் செய்ததே சரி.

அலுவலகப் பக்கம் வேறு உலகம். முதல் மதிப்பீட்டில் இரண்டாவது அறுவையும் பி.சி.ஜி. மருந்தின் விலையும் சேர்க்கப்படவில்லை. காப்பீட்டு ஒப்புதலை ஒவ்வொரு தவணைக்கும் புதிதாகத் தொடங்கினார்கள். மருந்து இருப்பில் இல்லை என்ற செய்தியை நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய சிஸ்டோஸ்கோபிக்கு முன்கூட்டியே அழைத்து நினைவூட்டுவதை மட்டும் தவறாமல் செய்கிறார்கள்.

சிறுநீரை அடக்க முடியாதவர்கள் நிறைந்திருக்கும் அந்தத் தளத்தில், காத்திருப்போருக்கு ஒரே ஒரு கழிப்பறைதான் இருக்கிறது. மருந்து செலுத்தியவுடன் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் வசிப்பவர்களுக்கு அது சரி. வெளியூரிலிருந்து வருபவர்கள், அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பகல்நேரப் பிரிவில் ஒரு படுக்கையை முன்பதிவின்போதே கேளுங்கள். கேட்டவர்களுக்குத் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.