கருவேல இழைப்புளி: நான்கு ஆண்டுக்குப் பின்

மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியை இரும்பில் வாங்கலாமா, என்னைப் போல மரத்தில் செய்துகொள்ளலாமா என்று அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் என் இழைப்புளி, அடியில் வெட்டும் அலகு எட்டிப்பார்க்கும் பிளவான வாயில் ஒட்டுப் போட்ட பசை காயாமல் மேசைமேல் கிடந்தது. ஆகவே இந்த அனுபவக் குறிப்பில் சற்றுக் கோபம் கலந்திருக்கும்.

ஊர்க் குளத்தில் ஏலம் போன கருவேல மரத்தில் ஒரு கட்டை வாங்கி, திண்ணையில் இரண்டு ஆண்டு காயவைத்து, 10 அங்குல நீளத்தில் செய்தேன். அலகு 45 பாகைச் சாய்வில் படுத்திருக்கிறது, அதை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு பூவரசு. குழி தோண்டியதும் ஆப்பைப் பொருத்தியதும் ஒரு கோடை விடுமுறையைத் தின்றன என்பதோடு அந்தக் கதையை நிறுத்திக்கொள்கிறேன்.

என்னைப் படுத்துவது அதன் அடிப்பாகம்தான். ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது வீரவநல்லூர்ப் பக்கம் எங்களுக்குக் கிடைப்பது காற்று மட்டுமே. அந்தக் காற்றில் கட்டை காய்ந்து அடிப்பாகம் நடுவில் புடைத்துக்கொள்ள, பலகைமேல் வைத்தால் இழைப்புளி ஆடும். சரியென்று தேய்த்துச் சமமாக்கினால், ஐப்பசி கார்த்திகை மழையில் கட்டை ஈரம் குடித்து நடுவில் குழிந்துவிடும். அப்போது ஓரங்கள் மட்டும் பலகையைத் தொட, அலகின் நடுப்பகுதி சும்மா போய் வரும். மறுபடியும் கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, அலகை உள்ளே இழுத்து, ஆப்பை மட்டும் வேலை செய்யும் அளவுக்கு இறுக்கிவைத்துத் தேய்க்க வேண்டும். ஆப்பில்லாமல் தேய்த்தால், பிறகு அதை இறுக்கும்போது அடிப்பாகம் வேறொரு வடிவம் எடுக்கும். இதை அறிய எனக்கு ஓராண்டு ஆயிற்று.

இப்படியே நான்கு ஆண்டில் அடிப்பாகம் அரை நூல் தேய்ந்துவிட்டது (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). அலகு 45 பாகையில் இருப்பதால், அடியில் எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு அலகின் முனை பின்வாங்கும். கால் நூல் இருந்த வாய் முக்கால் நூலாக அகன்று, எதிர்நாரில் இழைத்தால் தேக்கையே பிய்த்தெடுக்கத் தொடங்கியது. வாய்க்கு முன்னால் குழி வெட்டி, புளிய மரத்து வைரத்தில் ஒரு துண்டைப் பதித்து ஒட்ட உதவிய ஆசாரி, கட்டையின் தலைப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வளையம் செங்குத்தா நிக்கணும் சார்வாள், நீங்க படுக்கப் போட்டுட்டிய." மரம் சுருங்குவது ஆண்டு வளையத்தின் போக்கில்தான் அதிகம் என்பதால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குற்றம் கருவேலத்தின்மேல் இல்லை, என்மேல்தான். ஆனால் அது தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலகைச் சரிசெய்யும் வேலை, முதலில் தொல்லையாக இருந்தது, இப்போது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அலகின் தலையில் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்பக்கம் தட்டினால் ஏறும், கோணியிருந்தால் பக்கவாட்டில் ஒரு தட்டு போதும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து அடிப்பாகத்தின் வழியே பார்த்தால் அலகு மயிரிழைக் கோடாகத் தெரியும். ஆப்பை இறுக்கும்போது அலகும் சிறிது இறங்கும் என்பதால், அந்தச் சிறிதைக் கணக்கில் வைத்து முன்னதாகவே நிறுத்தக் கை பழகிவிட்டது. மரத்தின்மேல் மரம் வழுக்கிப் போகும் அந்த ஓசையும், வாய்வழியே சுருண்டு வரும் சீவலும் இரும்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

நண்பருக்கு இரும்பே வாங்கச் சொல்லிவிட்டேன். திருகைச் சுழற்றினால் அலகு இறங்கும், அடிப்பாகம் பருவம் பார்த்து மாறாது, ஞாயிற்றுக்கிழமை வேலை ஞாயிற்றுக்கிழமையே முடியும். என் இழைப்புளிக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண், அதுவும் ஆசாரியின் ஒட்டுக்காக. நானும் ஓர் இரும்பு இழைப்புளி வாங்கிவைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.