சாட் மதிப்பெண்ணா, பள்ளி ஜி.பி.ஏ.வா?

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நம்மவர்கள் குழம்பும் இடம் இது: சேர்க்கைக்கு எது முக்கியம், சாட் (SAT) என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணா, பள்ளியில் எடுக்கும் ஜி.பி.ஏ.வா (GPA)? ஜி.பி.ஏ. என்பது நம்மூர் பிளஸ் டூ மார்க் மாதிரி இல்லை. பிளஸ் டூவில் மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள். ஜி.பி.ஏ.வோ, அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள் வீட்டுப்பாடம், பரீட்சை, ப்ராஜெக்ட் எல்லாம் பார்த்து வருடக்கணக்கில் போடும் கிரேடுகளின் சராசரி. ஒரு பள்ளி தாராளமாகத் தரும் 'ஏ' இன்னொன்றில் 'பி' ஆகலாம். ஏ.பி. (AP) என்ற கல்லூரித் தரப் பாட வகுப்புக்குக் கூடுதல் புள்ளி தரும் பள்ளிகளில் ஜி.பி.ஏ. வழக்கமான உச்சமான 4.0ஐயும் தாண்டும். அந்த வகுப்பே இல்லாத பள்ளிப் பிள்ளை என்ன செய்யும்?

சாட் எல்லோருக்கும் ஒரே அளவுகோல், 1600க்கு. ஆனால் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தேர்வு. காசிருந்தால் கோச்சிங் போகலாம், திரும்பத் திரும்ப எழுதலாம்.

கல்லூரிகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு சாட்டைப் பார்ப்பதே இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 2022இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. கணக்கில் பலம் உண்டா என்று தெரிய அது உதவுகிறதாம்.

என் ஓட்டு வருடக்கணக்கான உழைப்புக்குத்தான். ஆனாலும் பெயர் தெரியாத சின்ன ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு 1500 என்ற எண் திறக்கும் கதவை ஜி.பி.ஏ. மட்டும் திறப்பது கஷ்டம். அப்புறம், கலிபோர்னியா பல்கலைக்கழகம் மட்டுமே குறி என்றால் சாட் கோச்சிங் காசை மிச்சம் பிடிக்கலாம்.