கீரிமலையில் ஒரு கேம்பர் வான் தரிப்பிடம்: தண்ணீர் தாராளம், கழிவுக்குத்தான் வழியில்லை

பெயரில் இருக்கிறதே என்று மலையைத் தேடாதீர்கள். கீரிமலை என்பது கடலோரத்துச் சுண்ணாம்புக்கல் மேடு, அவ்வளவுதான். யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வந்து, மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்பினால் நன்னீர்க் கேணிக்கு நடைதூரத்தில், கேம்பர் வானை நிறுத்தி அதற்குள்ளேயே படுத்துத் தங்கக்கூடிய இந்தத் தனியார் வளவு வரும்.

படலை ஒடுக்கம். ஹையேஸ் அளவு வான் தாராளமாக நுழையும். கூரையில் ஏசி ஏற்றிய வண்டியென்றால் வேப்பங்கொப்பைப் பார்த்து எடுக்கவேண்டும். வேலியோரம் நாலு விரற்கிடை சரிவு இருப்பதால் ரயருக்குக் கீழே வைக்க இரண்டு பலகைத் துண்டு கொண்டுவாருங்கள். மாரியில் செம்மண் பக்கம் ரயர் புதையும், கல்லுப் பக்கமே நில்லுங்கள்.

மின்சாரம் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கில் வருகிறது. பழைய உருண்டைமுனைப் பிளக் வைத்திருப்பவர்களுக்கு அடப்டர் வேண்டும். மொத்தமாக ஏறக்குறைய 3000 வொட்தான் தாங்கும். ஏசி ஓட, 2000 வொட் கேத்திலும் கொதிக்க, ரைஸ்குக்கரையும் போட்டால் பியூஸ் போய்விடும். நீட்டு வயரைச் சுருளோடு விடாமல் முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தேங்கினால் வயரின் தோல் உருகும்.

குழாயில் அழுத்தம் நன்றாக இருக்கிறது, தாங்கி நிரம்ப நேரம் எடுக்காது. ஆனால் கடின நீர். தேத்தண்ணியின் மேல் மெல்லிய ஆடை படரும், கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். வினாகிரி கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஊற்றினால் கழன்றுவிடும். குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குவதே நல்லது.

இங்கே தங்குவதற்கு உண்மையான காரணம் கேணிதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஆண்கள் கேணியில் மதிலுக்கு அப்பால் அலை அடிக்கும், இப்பால் நன்னீர். நிலத்தில் விழும் மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி ஓடி, கடலோரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. விடியப்புறம் போனால் சனம் குறைவு.

அதே வெடிப்புகள்தான் இந்த வளவின் பெரிய குறைக்கும் காரணம். வானுக்குள் இருக்கும் கசெற் மலகூடத்தின் கழிவுப் பெட்டியை (கழற்றி எடுக்கும் கசெற்றை) கவிழ்க்க இங்கே இடமில்லை. பின்வேலியோரம் ஒரு கிடங்கைக் காட்டுவார்கள். ஊற்றாதீர்கள். மண் மெல்லிய படைதான், அதற்குக் கீழே வடிகட்ட எதுவும் இல்லை, ஊற்றியது நேரே கிணற்று நீருக்குப் போகும். குடாநாடு பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பித்தானே இருக்கிறது! வளவின் மலகூடத்தையே பாவித்துக் கசெற்றைக் காயவைத்திருங்கள். அந்த மலகூடத்திலும் கசெற்றைக் கவிழ்க்காதீர்கள்: கசெற்றுக்குப் போடும் மருந்து, மலகூடக் குழியில் கழிவை உக்கவைக்கும் பற்றீரியாவையும் கொல்லும். பாத்திரம் கழுவிய தண்ணீரை, சவர்க்காரம் அதிகமில்லையென்றால், வாழைப் பாத்திக்கு விடலாம். பவுசர் வந்து உறிஞ்சக்கூடிய மூடிய தொட்டியொன்றை வளவுக்காரர் கட்டும்வரை இரண்டு இரவுக்கு மேல் இங்கே தங்கச் சொல்லமாட்டோம்.

பார்ப்பதற்கு நகுலேஸ்வரம் சிவன் கோவில் பக்கத்திலேயே. குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதையோடு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் இருக்கிறது. மேற்கே கரையோரமாகப் போனால் பழைய துறைமுகமான சம்புத்துறை. மணலில் கால் நனைக்கக் காங்கேசன்துறைக்குப் போங்கள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், புறப்படுமுன் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் தண்ணீர் அடியுங்கள். ஆடி அமாவாசைக்கு வானோடு வரவேண்டாம். பிதிர்க்கடன் கழிக்க வரும் சனத்துக்குள் வண்டியைப் படலைக்கு வெளியே எடுக்கவே முடியாது.