மேஸி 241-ஆ, மகிந்திரா 575-ஆ: வாய்க்கால் திறக்கும் ஊரில் டிராக்டர் எடுத்த கணக்கு

கேரளத்துப் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நெல், ஏழு ஏக்கர் தென்னை. 2022-ல் பழைய டிராக்டரைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டிய நிலை. மூன்று மாதம் எங்கள் மாவட்டத்துச் சித்தூருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிக்கும் அலைந்து, கடைசியில் மேஸி பெர்குசன் 241 டி.ஐ. எடுத்தேன். வடகரப்பதியில் இருக்கும் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையிடம் மகிந்திரா 575 டி.ஐ. இருக்கிறது. என் வண்டியை அவரும் அவர் வண்டியை நானும் ஓட்டிக்கொள்வோம். நடவு நெருக்கத்தில் ரெண்டும் ஒரே வயலில் இறங்கிய நாட்கள் உண்டு. அதனால் இந்த ரெண்டைப் பற்றித்தான் என்னால் தைரியமாகப் பேச முடியும். மனசு மேஸி பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி. மேஸி 42 எச்.பி., 3 சிலிண்டர், 2500 சிசி. மகிந்திரா 45 எச்.பி., 4 சிலிண்டர், 2730 சிசி. பின்னால் லிப்ட் தூக்கும் எடை மேஸியில் 1700 கிலோ, 575-ல் 1600 கிலோ. மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ஐந்தரை அடி ரோட்டவேட்டரை ரெண்டுமே சிரமமில்லாமல் தூக்கி ஓட்டும். சீட்டு, லைட், பெயிண்ட் இதையெல்லாம் ஷோரூமில் நின்று பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். பவர் ஸ்டீரிங் ரெண்டிலும் கேட்டால் கிடைக்கும். கொஞ்சம் காசு கூடினாலும் வாங்கிவிடுங்கள். 25 அடி இடைவெளித் தென்னைக்குள் ஒரு நாள் முழுக்கத் திருப்பி ஓட்டிய தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெல் வயல் இருக்கிறவர் எந்தக் கம்பெனி எடுத்தாலும் ஆயில் பிரேக் (ஆயிலுக்குள் மூழ்கி, மூடி இருக்கும் பிரேக்) உள்ள வண்டியாகக் கேட்டு வாங்க வேண்டும். சேடை, அதாவது நடவுக்கு முன் சேற்றுழவு ஓட்டும்போது மூலையில் ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துத்தான் வண்டியைத் திருப்புகிறோம். கேஜ் வீல் என்கிற இரும்புச் சேற்றுச் சக்கரம் மாட்டிய வண்டி முக்கால் சக்கரம் சேற்றில் கிடக்கும். உலர் பிரேக் என்றால் களித்தண்ணீர் உள்ளே புகுந்து லைனிங்கைத் தின்றுவிடும். அப்புறம் இடது பக்கம் பிடிக்கும், வலது பக்கம் வழுக்கும். எங்கள் பழைய வண்டியில் அப்படி ஒரு போகத்துக்கு ஒருமுறை லைனிங் மாற்றியே ஓய்ந்தோம்.

ஓட்டுகிற சுகத்தில் 575 ஒரு படி மேல். நாலு சிலிண்டர் மெத்தென்று ஓடும். மேஸியில் சத்தமும் அதிர்வும் கொஞ்சம் கூடுதல்தான். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் உள்ளங்கை விறுவிறு என்றிருக்கும். தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது மாப்பிள்ளை கியரைக் குறைக்காமல் போய்விடுவார், நான் ஒரு கியர் குறைத்துத்தான் ஏறுவேன். ஆனால் எங்கள் கரிசல் மண் பாதி ஈரத்தில் பிசுபிசுவென்று கலப்பையைப் பிடித்துக்கொள்ளும்போது மேஸி மூச்சு வாங்காமல் மெதுவாக இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

டீசல் கணக்கை நோட்டில் எழுதி வைக்கிறேன். ரோட்டவேட்டர் போட்டால் என் வண்டிக்கு மணிக்கு நாலரையிலிருந்து ஐந்து லிட்டர் ஆகிறது. மாப்பிள்ளை கணக்கு எழுதுகிற ஆள் இல்லை. ஒரே தோப்பில் ரெண்டு டேங்கையும் நிரப்பி ஆளுக்கு ரெண்டு ஏக்கர் ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஏக்கருக்கு அரை லிட்டர் போல என் வண்டி குறைவாகக் குடித்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஓட்டுகிற கால் எப்படி என்பதைப் பொறுத்தும் அரை லிட்டர் மாறும்.

சரி, இவ்வளவும் கிட்டத்தட்ட சமம் என்றால் எதை வைத்து முடிவு செய்தேன்? வண்டி நின்றால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் சாமான் கிடைக்கும் என்பதை வைத்துத்தான்.

எங்கள் பக்கத்து உழவு வாய்க்காலைப் பார்த்து நடக்கிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசனத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் ஆழியாற்றிலிருந்து மணக்கடவு அணைக்கட்டைக் கடந்து வர வேண்டும். மூலத்தறைத் தடுப்பணையில் பிரிந்து நம் மடைக்கு வரும்போது அக்கம்பக்கத்து வயல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். அந்த ஒரு வாரம் வாடகைக்குக்கூட ஒரு வண்டி கிடைக்காது. நாற்றங்காலில் நாற்று ஏறிக்கொண்டே போகும். மற்ற மாதங்களில் வண்டி நாலு நாள் நின்றால் எரிச்சல், அவ்வளவுதான். அந்த வாரத்தில் நாலு நாள் நின்றால் போகத்தில் கை வைத்துவிடும்.

2023-ல் இரண்டாம் போகத்துச் சேடையில் எனக்கு அது நடந்தது. பழைய வேலியின் துருப்பிடித்த முள்கம்பி ஒன்று சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. முன் சக்கரத்தில் சுற்றி, ஹப்பில் இருந்த ஆயில் சீலைக் கிழித்துவிட்டது. கிரீஸும் சேறும் கலந்து வழிகிறது. மணி பதினொன்று. மடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, முன் சக்கரத்துச் சீல் போயிருச்சுங்க.”

“மேட்டுக்கு ஏத்தி நிறுத்துங்க தம்பி. நான் கோபாலபுரத்துல கேட்டுட்டு, இல்லைன்னா பொள்ளாச்சி போய் வாங்கிட்டு வந்தர்றேன்.”

பொள்ளாச்சி வரை போகவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை மணிக்கெல்லாம் மொபெட்டில் வந்துவிட்டார், மஞ்சள் பையில் ரெண்டு சீல், ஒரு பேரிங், ஒரு டப்பா கிரீஸ். ஹப்பைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் ராகிக் களி பதத்தில் பழுப்பாகக் கிடந்தது. பழைய பேரிங்கை டீசலில் கழுவி, துணியில் துடைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். “இது இன்னும் ஓடும் தம்பி, சீல் மட்டும் போதும்” என்று புதுப் பேரிங்கை மறுபடி பைக்குள் போட்டுவிட்டார். நாலு மணிக்கு வண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது.

அதே வாரம் ரெண்டு வயல் தள்ளி இன்னொருவர் வண்டி நின்றது. எந்தக் கம்பெனி என்று இங்கே வேண்டாம். ஹைட்ராலிக் பம்புக்கு ஒரு சாமான், வெளிக்கடையில் கிடைக்காது, ஷோரூம் மூலமாகத்தான் வர வேண்டும். வந்து சேர ஆறு நாள். அதற்குள் தண்ணீர் முறை தாண்டிவிட்டது, அவர் நாற்று முற்றிப் போனது. வண்டி மோசமான வண்டி இல்லை, நானே ஓட்டியிருக்கிறேன். அந்தச் சாமான் இந்த ஊரில் இல்லை, அதுதான் குறை.

மேஸிக்கு மட்டும் இந்தப் பக்கம் எப்படிச் சாமான் கிடைக்கிறது என்றால், காரணம் பழைய பழக்கம்தான். இங்கே மேஸியைச் செய்யும் டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. இந்த வண்டிக்குள் இருக்கும் சிம்ப்சன் இன்ஜினும் சென்னைதான். எங்கள் அப்பா காலத்திலிருந்தே கோவை, பொள்ளாச்சிப் பக்கப் பட்டறைகளுக்கு இது பழகிய இன்ஜின். அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதால் பழைய வண்டியில் தொழில் கற்ற மெக்கானிக் புது வண்டியிலும் கை வைக்கிறார். இதில் ஒரு தொல்லையும் உண்டு: கடைகளில் டூப்ளிகேட் சாமான் தாராளமாகக் கிடைக்கும். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளச் பிளேட் மூன்றையும் பில் போட்டுக் கம்பெனிச் சாமானாகவே வாங்குங்கள். சீல், பேரிங் மாதிரி பொதுச் சாமானுக்கு நல்ல பேரிங் கடையே போதும்.

இதே காரணத்தால்தான் 50 எச்.பி.க்கு மேலே போக வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். அப்போது வரவிருந்த விதிதான்: 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது. அந்த வண்டிகள் பலவற்றில் டீசல் பம்பு வேலையை எலக்ட்ரானிக் முறை பார்க்கிறது. கோளாறு என்றால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணனின் மஞ்சள் பைக்குள் அது கிடையாது. 575-ம் 241-ம் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன, ரெண்டிலும் பழைய மாதிரிப் பம்புதான்.

விற்கிற விலை விஷயத்தில் எனக்கு ஓரளவு அனுபவம்தான், ஒரு வண்டிதான் விற்றிருக்கிறேன். பொள்ளாச்சிப் புரோக்கர்களிடம் கேட்டவரை ரெண்டுக்கும் ஆள் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நம்பர் பிளேட். நம் வண்டி கே.எல்.70 (சித்தூர்ப் பதிவு), வாங்குகிறவர் டி.என்.41 (பொள்ளாச்சிப் பதிவு) ஆளாக இருந்தால் சித்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும், அவர் அங்கே போய்ப் புதுப்பதிவு போட வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் முடிந்த கையோடு வங்கியில் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் வங்கிப் பெயரை நீக்கிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு, ஆள் பணத்தோடு வந்து நின்றபோது மூன்று வாரம் ஓடினேன். அந்தத் தாமதத்தைச் சொல்லியே விலையைக் குறைத்தார்.

இப்போது எடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. டிராக்டர் டயருக்கும் டிராக்டருக்கான பல உதிரிச் சாமானுக்கும் 18-லிருந்து 5. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் பின்னாலேயே இறங்கும். அதனால் பழைய வண்டி வாங்குகிறவர் அந்தக் குறைப்புக்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேச வேண்டாம்.

சுவராஜ் 744, ஜான் டியர் 5045 என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுவராஜில் வாடகை வண்டி ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். இழுவை பலமாக இருந்தது. ஜான் டியரை நான் வயலில் இறக்கிப் பார்த்ததில்லை, அதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். தோப்பு மட்டும்தான், நெல்லே இல்லை என்றால் இந்த அளவு வண்டியே எதற்கு? முப்பது எச்.பி.க்குக் கீழே உள்ள சின்ன வண்டி மரத்தடி வட்டப்பாத்தி ஓரம் வரை போய்த் திரும்பும், சொட்டுநீர்க் குழாயும் பிழைக்கும்.

போன மாதம் மாப்பிள்ளை வந்திருந்தார். “மச்சான், அடுத்த வருஷம் வண்டியை மாத்தணும், உங்க மாதிரி மேஸி எடுத்துரலாமா?” என்று கேட்டார். அவர் தெருமுனையில் மகிந்திரா பழுது பார்க்கிற பட்டறை இருக்கிறது, அந்தப் பையன் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் டார்ச்சோடு வருவான். 575-ஐயே எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன், ஆயில் பிரேக்கோடு.